அப்பா போன பிறகு சாப்பிடாத ஜிம்மி: ஏக்கம் மட்டும்தானா?

தஞ்சாவூர் மாவட்டத்தின் ஒரு சிற்றூரைச் சேர்ந்த வாசகி எழுதியிருக்கிறார். சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. நாயின் பெயர் உட்பட எல்லா அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதம் நீளமானது. சாரம் இதுதான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவருடைய அப்பா மாரடைப்பில் காலமானார். வீட்டில் இப்போது அம்மாவும் ஜிம்மியும்தான். ஜிம்மி பத்து வயது நாட்டு நாய். வாய்க்கால் ஓரத்தில் குட்டியாகக் கிடந்தவனை அப்பாதான் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். தினமும் விடிகாலை இரண்டு பேரும் டீக்கடை வரை போவார்கள், கடைக்காரர் ஜிம்மிக்கு ஒரு பொறை போடுவார். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று கூட்டம் அதிகம் என்று அவனைக் கொல்லையில் கட்டிவிட்டார்கள். "அவன் கண்ணில் காட்டாமலே எடுத்துக்கொண்டு போய்விட்டோம்" என்று எழுதுகிறார் மகள்.

அன்றிலிருந்து கேட் அருகிலேயே படுத்திருக்கிறான். சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். 22 கிலோ இருந்தவன் இப்போது 18. "தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறான், அது ஒன்றுதான் ஆறுதல்." இரவில் ஊளையிடுகிறான். அத்தை அதை அபசகுனம் என்கிறார். சித்தப்பா "ஊசி போட்டு விட்டுடலாம், அதுக்கும் நிம்மதி" என்கிறார். பெங்களூரில் இருக்கும் அண்ணன், காப்பகத்தில் விட்டால் பணம் கட்டத் தயார். அம்மாவோ, "எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடு, என் கண்ணு முன்னால வேண்டாம்" என்கிறார். ஒரு நாள் அம்மா ஜிம்மியைப் பார்த்து, "அவரே போய்ட்டாரு, நீ மட்டும் எதுக்குடா உட்கார்ந்திருக்க?" என்று கேட்டதைக் காதில் வாங்கி மகள் ஆடிப்போயிருக்கிறார். தன்னோடு கூட்டிப்போகலாம் என்றால் அடுக்குமாடிச் சங்கத்தில் நாய்க்கு அனுமதி இல்லையாம். வாரம் மூன்று நாள் அலுவலகம் வேறு.

அவர் கேட்பது மூன்று: ஜிம்மி ஏக்கத்திலேயே செத்துப்போவானா? அவனை யார் வைத்துக்கொள்வது? அம்மாவின் மனதை எப்படி மாற்றுவது?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் எதை ஆறுதல் என்று எழுதியிருக்கிறீர்களோ, அதைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். பத்து வயது நாய், மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைந்திருக்கிறது, சாப்பாட்டில் நாட்டமில்லை, தண்ணீர் அதிகம் குடிக்கிறது. அப்பாவின் மறைவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இந்த நான்கையும் மட்டும் என்னிடம் சொல்லியிருந்தால், நான் முதலில் கேட்பது சிறுநீரகத்தைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும்தான். நான்கு கிலோதானே என்று தோன்றலாம். எழுபது கிலோ மனிதர் மூன்று மாதத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ இளைத்தால் வீட்டில் யாராவது சும்மா இருப்பார்களா?

அவனுக்கு ஏக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கும். ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு நாய்க்கு என்ன வந்தாலும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். மருத்துவமனைக்குக் கொண்டுவருவதற்குள் நோய் முற்றிவிடுகிறது. இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் ரத்தமும் சிறுநீரும்

இந்த வாரமே செய்ய வேண்டியது இது. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். எல்லாப் பரிசோதனையும் அங்கே இருக்காது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தொலைவில்லை, அங்கே கொண்டுபோவது நல்லது. கிரியாட்டினின், யூரியா (இரண்டும் சிறுநீரகத்துக்கு), சர்க்கரை, முழு ரத்த எண்ணிக்கை, கூடவே ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப் பூச்சுப் பரிசோதனை என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னது உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலுக்காக. நம் பக்கத்து நாட்டு நாய்களுக்குச் சோறு இறங்காமல் போவதற்கு அது ரொம்பச் சாதாரணமான காரணம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். முகர்ந்து பார்த்துவிட்டு நகரும் நாய்க்குப் பசி இருந்து, வாய் வலிக்கும் சாத்தியமும் உண்டு.

போவதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, தண்ணீரை அளப்பது. காலையில் லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரம் மிச்சத்தை அளந்து கழியுங்கள். அந்த ஒரு நாள் கொல்லைத் தொட்டியை மூடி வையுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால், அதாவது ஜிம்மியின் எடைக்கு ஒரு நாளில் 1.8 லிட்டரைத் தாண்டினால், அது நோயின் அறிகுறி. இன்னொன்று, விடிந்ததும் அவன் விடும் முதல் சிறுநீர். ஒரு பழைய குழிக்கரண்டியைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். அவன் காலைத் தூக்கும்போது பின்பக்கமிருந்து மெதுவாக நீட்டினால் போதும். முதல் நாள் முறைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவான், இரண்டாம் நாள் விடுவான். சுத்தமான சிறு பாட்டிலில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். கரண்டி திரும்பச் சமையலறைக்குள் போகக்கூடாது என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சோர்ந்திருக்கிறானே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரைகள் நாயின் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்துவிடும்.

ஜப்பான் நாயின் கதை

கடிதத்தில் ஹச்சிகோவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி முழுக்க அந்த வீடியோக்களைப் பார்த்து அழுததாகவும் சொல்கிறீர்கள். டோக்கியோவில் பேராசிரியர் உவேனோ 1925-இல் இறந்தார். அவர் வந்திறங்கும் ஷிபுயா ரயில் நிலையத்துக்கு ஹச்சிகோ அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. 1935 மார்ச்சில் இறந்தது. இதெல்லாம் உண்மை. வீடியோவில் வராத மிச்சமும் உண்டு. அதன் உறுப்புகளைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். இதயத்தில் ஃபைலேரியா புழு இருந்தது. 2011-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தார் மறுபடி ஆராய்ந்தபோது நுரையீரலிலும் இதயத்திலும் புற்றுநோய் இருந்ததும் தெரியவந்தது. எசமானர் இறந்து ஒன்பதரை ஆண்டுக்கு மேல் வாழ்ந்த நாய் அது. ரயில் நிலையத்தில் அதற்குத் தீனி போட ஆட்களும் இருந்தார்கள். ஏங்கியே செத்த கதையாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: கவனிக்கப்படும் நாய் ஏக்கம் ஒன்றினால் மட்டும் சாவது மிக அரிது. ஏக்கம் என்று நினைத்து நோயைக் கவனிக்காமல் விட்டால் செத்துவிடும். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

அவனுக்கு என்ன தெரியும்?

"சோத்துக்கு வாலாட்டுற நாய்க்கு என்ன துக்கம்" என்று உங்கள் சித்தப்பா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 1998-இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் ஓர் ஆய்வு செய்தார்கள். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அளக்க உளவியலில் ஒரு முறை உண்டு. பழக்கமில்லாத அறையில் தாய் வெளியே போவாள், அந்நியர் ஒருவர் வருவார், தாய் திரும்புவாள். அதையே நாயையும் வளர்ப்பவரையும் வைத்துச் செய்து பார்த்தார்கள். நாய்கள் நடந்துகொண்ட விதம் பெரும்பாலும் குழந்தைகளுடையதைப் போலவே இருந்தது. 2015-இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தார், நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்த்திருந்தால் இருவருக்குமே ஆக்ஸிடோசின் கூடுவதைக் காட்டினார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையே வேலை செய்யும் அதே ஹார்மோன். கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை.

வெளிநாட்டு ஆராய்ச்சியெல்லாம் சித்தப்பாவிடம் எடுபடாது என்றால், திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர் நடுகல்லைச் சொல்லுங்கள். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட வீரனின் கல் அது. அவனோடு நாயின் உருவத்தையும் செதுக்கி, 'கோவிவன்' என்ற அதன் பெயரையும், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் பொறித்திருக்கிறார்கள். சோற்றுக்கு வாலாட்டுவது மட்டும்தான் நாயின் வேலை என்றால், யாரோ மெனக்கெட்டு அதன் பெயரைக் கல்லில் வெட்டியிருக்க மாட்டார்கள்.

இது ஒருபக்கம். நீங்கள் அவன்மீது ஏற்றி வைத்திருக்கும் சிலவற்றை இறக்கியும் வைக்க வேண்டும். அப்பாவின் உடலைக் காட்டவில்லை என்று உங்களை நீங்களே தின்றுகொண்டிருக்கிறீர்கள். காட்டியிருந்தால் அன்றே அவன் எல்லாம் புரிந்து அமைதியாகியிருப்பான் என்பது நம்முடைய மனதின் கணக்கு. சாவைப் பற்றி நம்மைப் போல அவன் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. விடிந்தால் செருப்புச் சத்தம், டீக்கடை, பொறை, திரும்பி வந்ததும் திண்ணையில் அவர் காலடி என்று பத்து வருடமாக ஓடிய நாள் ஒன்று அவனுக்கு இருந்தது. அந்த நாள் திடீரென்று நின்றுவிட்டது. ஆள் போனது ஒரு இழப்பு, அவரோடு சேர்ந்து நாளின் ஒழுங்கே போனது இன்னொன்று. முதலாவதை நம்மால் திருப்பித் தர முடியாது. இரண்டாவதில் பாதிக்கு மேல் முடியும்.

எப்படி என்றால், விடிகாலை நடையை மறுபடி தொடங்குங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள், அவர் வேண்டாம். கயிற்றைச் சுண்டி இழுத்தால் விழுந்துவிடுவார். அப்பாவோடு டீ குடித்த நண்பர் ஒருவர் தினம் வீட்டைத் தாண்டித்தான் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் கேளுங்கள். அதே நேரம், அதே வழி, அதே கடை. பொறை மட்டும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வேண்டாம். சாப்பாடு காலையும் மாலையும் ஒரே நேரத்தில், கொஞ்சம் வெதுவெதுப்பாக. சோறோடு வேகவைத்த கோழி அல்லது முட்டை, வெங்காயம் சேர்க்காமல். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். சாப்பிடாதபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சி பிஸ்கட் ஊட்டினால், சாப்பிடாமல் இருந்தால் பிஸ்கட் வரும் என்று இரண்டே நாளில் கற்றுக்கொள்வான்.

அப்பாவின் துவைக்காத துண்டு இருந்தால் அவன் படுக்குமிடத்தில் போட்டுப் பாருங்கள். அதன்மேல் படுத்துத் தூங்கினால் இருக்கட்டும். மோந்து மோந்து முனகினால் எடுத்துவிடுங்கள். ஆனால் அப்பாவின் அந்த வாட்ஸ்அப் குரல்பதிவு வேண்டாம். நீங்கள் அதைப் போட்டதும் அவன் எழுந்து மாடி, கொல்லை, அப்பாவின் அறை என்று ஓடிவிட்டு மறுபடி கேட்டுக்குப் போய் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கிறது. அவன் ஆளைத் தேடியிருக்கிறான், ஆள் இல்லை. உங்களுக்குக் கேட்க வேண்டும் என்றால் காதில் இயர்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

ஊளை விஷயத்தில் அத்தையிடம் சண்டை போடாதீர்கள். தனித்துப்போன நாய் ஊளையிட்டுக் கூப்பிடும். வயதான நாய்க்கு மூளை தளர்ந்தாலும் இரவில் குரல் கொடுக்கும், வலி இருந்தாலும் கொடுக்கும். "டாக்டர் வயித்துல ஏதோ கோளாறுன்னு பார்க்கச் சொன்னாரு" என்று சொல்லிவிடுங்கள், எமனை விட அது சுலபமாகச் செல்லும். ராத்திரி கேட்டுக்கு வெளியே விடாமல் அம்மா படுக்கும் அறையின் வாசலில் அவனுக்கு இடம் போட்டால் பாதி ஊளை குறையும்.

ஊசி, காப்பகம், வேறு ஊர்

தீராத நோயில் வேதனைப்படும் விலங்குக்குத்தான் அந்த ஊசி. இன்னும் பரிசோதனையே செய்யாத, நடமாடும் நாய்க்கு மனசாட்சியுள்ள எந்த மருத்துவரும் போடமாட்டார். சித்தப்பா கொடுமைக்காரர் இல்லை. அவரால் அந்த நாயை அந்தக் கேட்டில் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வேறு ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடும் யோசனை எந்த வடிவில் வந்தாலும் தடுத்துவிடுங்கள். அந்தத் தெரு நாய்கள் இரண்டே நாளில் அவனைக் குதறிவிடும். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் ஐம்பது ரூபாய்க்குள்தான், அதைக் கேட்டு யாரும் நடுங்கப் போவதில்லை. இருந்தாலும் குற்றம் குற்றம்தான். காப்பகத்தை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன். நல்ல இடங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரே வீட்டில் பத்து வருடம் வாழ்ந்தவனை, இளைத்துப்போயிருக்கும் நேரத்தில், ஐம்பது நாய் குரைக்கும் கூடத்தில் விடுவது அவனைச் சாய்த்துவிடலாம்.

சென்னைக்குக் கூட்டிவரலாமா?

சங்கம் தடுக்க முடியாது. செல்லப் பிராணி வளர்ப்பதை அடுக்குமாடிச் சங்கங்கள் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டும் தடை செய்யக்கூடாது, லிஃப்டைப் பயன்படுத்துவதையும் மறுக்கக்கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. செயலாளருக்கு அதன் நகலோடு ஒரு கடிதம் கொடுங்கள். உங்கள் பக்கம் செய்ய வேண்டியவையும் உண்டு: வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று, மாநகராட்சி உரிமம், பொது இடத்தில் கயிறு, அவன் அசிங்கம் செய்தால் நீங்களே எடுத்துச் சுத்தம் செய்வது.

உரிமை இருப்பதால் மட்டும் கூட்டிவந்துவிட வேண்டும் என்பதில்லை. தெருவே வீடாக வளர்ந்தவன், மாடிக் குடியிருப்பில், வாரம் மூன்று நாள் பத்து மணி நேரம் தனியே. மனிதர் வாசனையும் போய், வீட்டின் வாசனையும் போய்விட்டால் அவனுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. வேறு வழியில்லை என்றால் நீங்கள் ஒரு வாரம் விடுப்போ வீட்டிலிருந்து வேலையோ வாங்கிக்கொண்டு வெள்ளோட்டம் பாருங்கள். அவனுடைய தட்டு, சாக்கு, துண்டு எல்லாம் கூடவே வரட்டும். என்னைக் கேட்டால், முதல் வருஷத் திவசம் முடியும்வரை அவன் அந்த வீட்டிலேயே இருப்பதுதான் நல்லது. அதற்கு அம்மா சம்மதிக்க வேண்டும்.

அம்மா

அவருடைய மனதை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றப் போகாதீர்கள். "நீ மட்டும் எதுக்குடா உட்கார்ந்திருக்க" என்பதை ஜிம்மிமீது உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மூன்று மாதமாக அந்த வீட்டில் அவரைப் போலவே நிலைகுலைந்து கிடக்கும் ஒரே உயிர் அவன்தான். பிள்ளைகளிடம் கேட்க முடியாததை அவனிடம் கேட்டிருக்கிறார். அது அவர் தன்னையே கேட்டுக்கொண்டதாகவும் இருக்கலாம். அதனால் அந்த வாக்கியத்தை லேசாக விடாதீர்கள். அம்மா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று நாயைப் பற்றி எழுதிய ஐந்து பக்கத்தில் ஒரு வரிதான் இருக்கிறது: "அம்மாவும் சரியாகச் சாப்பிடுவதில்லை." நேரில் போய் நாலு நாள் கூட இருங்கள். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்பது போல எப்போதாவது பேசுகிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தேவைப்பட்டால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இன்னொன்று. ஸ்வீடனின் லிங்ஷாபிங் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வளர்ப்பவரின் தலைமுடியையும் நாயின் முடியையும் எடுத்து, மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலை அளந்தார்கள். மாதக்கணக்கில் இருவருக்கும் அது சேர்ந்தே ஏறி இறங்கியிருந்தது. வளர்ப்பவரின் அழுத்தம்தான் நாய்க்குப் போகிறது என்பது அவர்கள் கணிப்பு. உங்கள் வீட்டில் இரண்டு பேரும் சாப்பிடாமல் இருப்பது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் "அவன் இருந்தால் உனக்குத் துணையா இருக்கும்மா" என்று அம்மா தலையில் கட்டாதீர்கள். துணை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. காலைச் சாப்பாடு ஒன்றை மட்டும் அவரைப் போடச் சொல்லுங்கள், மற்றதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு மாதம் போன பிறகும் அவனை வைத்துக்கொள்ள முடியாது என்று அவர் சொன்னால், அதை மதித்து ஏற்றுக்கொள்ளுங்கள். அது அவர் வீடு. அப்போது சென்னை யோசனையை எடுப்போம். அண்ணன் காப்பகத்துக்குக் கட்டத் தயாராக இருக்கும் பணத்தை, நீங்கள் அலுவலகம் போகும் நாட்களில் அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்குக் கொடுக்கட்டும்.

இதெல்லாம் பரிசோதனை முடிவைப் பொறுத்து மாறும். சிறுநீரகம் என்று வந்தால் உணவு, மருந்து, தேவைப்பட்டால் டிரிப்ஸ் என்று தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கும், அதை வைத்துத்தான் அவன் எங்கே இருப்பது என்றே முடிவு செய்ய முடியும். உண்ணிக் காய்ச்சல் என்றால் சுமார் நான்கு வாரம் மாத்திரை, பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தட்டைக் காலி செய்ய ஆரம்பித்துவிடுவான். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் படம் பிடித்து அனுப்புங்கள். தண்ணீர் அளந்த கணக்கையும் மறக்காமல் எழுதுங்கள்.